மல்குஸின் காது

சைராகன் கூடத்து மேசையில் மாவைத் தேய்த்து நீள நீளமாக வெட்டிக்கொண்டிருந்தபோது வெளிக்கதவை உடைத்துக்கொண்டு ஊர் ஆட்கள் உள்ளே வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம். பக்கத்தில் சுவிசேஷம் வாசித்துக்கொண்டிருந்த அவள் கணவன் எர்மெக் எழுந்து, "வாங்க, உக்காருங்க. சாப்பாடு ஆயிடும்" என்றான். கிண்டல் இல்லை. வந்தவர்களை அப்படித்தான் அவனுக்குக் கூப்பிடத் தெரியும். இரும்புக் குழாய் அவன் வாயில் இறங்கியது. பற்கள் கம்பளத்தில் சிதறின. விழுந்தவனை விலாவில் பூட்ஸ் காலால் மிதித்தார்கள்.

"பாட்டன் பூட்டன் மார்க்கம் கசந்துபோச்சோ? செத்தா எங்க மண்ணுல ஒனக்குக் குழி கெடையாது" என்று கத்தினான் ஒருவன்.

குழாயைப் பிடித்திருந்தவன் தாலாய், அவளுடைய உடன்பிறந்த தம்பி. அவன் மறுபடி ஓங்கியபோது சைராகன் கையிலிருந்த கத்தியை வீசினாள். எங்கே படும் என்று பார்க்கவில்லை. கழுத்தில் பட்டிருந்தாலும் பட்டிருக்கும். வலது காது பாதி அறுந்து தொங்கியது. வெட்டிவைத்த மாவின் மேல் ரத்தம் கொட்டியது. தாலாய் காதைப் பொத்திக்கொண்டு, "அக்கா" என்றான், சின்ன வயதில் விழுந்து எழுந்தால் கூப்பிடும் அதே குரலில்.

மருத்துவமனையில் எர்மெக்கின் தாடையைக் கம்பியால் இறுக்கியிருந்தார்கள். பேச முடியாது. விட்ட இடத்திலிருந்து வாசிக்கச் சொல்லிச் சைராகனுக்குச் சைகை காட்டினான். இயேசுவைப் பிடிக்கத் தடிகளோடு ஆட்கள் வருகிற இடம். இயேசுவோடு இருந்த ஒருவன் பட்டயத்தை வீசி, பிடிக்க வந்த வேலைக்காரன் ஒருவனின் வலது காதை வெட்டுகிறான். அவள் நிறுத்தினாள். எர்மெக் விரலால் தாளைத் தட்டினான். போதும் விடுங்கள் என்று சொல்லி இயேசு அந்தக் காதைத் தொட்டுச் சொஸ்தப்படுத்தினார் என்று வாசித்தபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"அவருக்கென்ன, தொட்டா ஒட்டிக்குது. நான் வெட்டுனது தையல் போட்டும் கோணிக்கிட்டுத்தான் நிக்குமாம். இன்னொரு அடி விழுந்திருந்தா நீ போயிருப்ப. போதும் விடுங்கன்னு அவரால எப்படிச் சொல்ல முடிஞ்சுது?"



மறுநாள் தலையில் கட்டோடு தாலாய் வந்தான். கையில் தூக்குவாளி.

"அம்மா ஆட்டு ரசம் குடுத்துச்சு." கட்டிலருகே நின்றான். "போலீஸ்ல என் பேரச் சொன்னியா?"

"இன்னும் சொல்லல. நீ?"

"நாய் கடிச்சிருச்சுன்னேன்."

எர்மெக்கின் தோள் குலுங்கியது. சிரிப்பு கம்பியில் இழுத்து, கண்ணில் நீர் வந்துவிட்டது. தாலாய் அவன் முகத்தைப் பார்க்காமல் அக்காவின் மடியில் கிடந்த புத்தகத்தைப் பார்த்தான். "என்ன கதை?"

சொன்னாள். யோவான் தன் சுவிசேஷத்தில் அந்த வேலைக்காரனுக்கு மல்குஸ் என்று பேர்கூட எழுதியிருப்பதையும் சொன்னாள்.

"அப்புறம் அவன் என்ன ஆனான்?"

"ஒண்ணும் எழுதல."

தாலாய் கட்டைத் தடவினான். "அப்ப, காது ஒட்டுன கையோட அவங்களோட சேந்து அவரக் கட்டி இழுத்துட்டுத்தான் போயிருப்பான்."

இது அவளுக்குத் தோன்றியதே இல்லை. வெளியே ஒரு கார் ஹாரன் விடாமல் அடித்தது. ஜன்னலுக்குக் கீழே அன்று வந்தவர்கள் நின்றிருந்தார்கள். ஒருவன் அண்ணாந்து, "வாடா, எவ்வளவு நேரம்?" என்றான்.

தாலாய் ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றினான். எர்மெக்கின் பற்கள் போன இடைவெளியில் உறிஞ்சுகுழாயை நுழைக்கப் பார்த்தான். அது நழுவியது; மறுபடி நுழைத்தான். ஹாரன் மறுபடி அலறியது. கிண்ணத்து ரசத்தின் மேல் கொழுப்பு மெல்ல வெள்ளையாக உறையத் தொடங்கியிருந்தது.