வலப்பக்கத்து இதயம்

பால் பாத்திரத்தில் அவள் கணவர் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். அதைத் தொடாதீர்கள் என்று அவள் எத்தனை முறை சொல்லியும் காதில் போட்டுக்கொண்டதில்லை. யாருக்கு இந்தக் கஞ்சி என்று கேட்டாள்.

"முந்நூறு வயசு ஆளுக்கு. வயித்தத் தொறந்து போட்டுக்கிட்டுக் கிடக்கான், பாவம்."

அவள் சிரிக்கவில்லை. பாத்திரம் அடிப்பிடித்துவிடுமே என்ற கவலையில் இருந்தாள். பசையைப் புட்டியில் ஊற்றிக்கொண்டு அவர் வேலைக்குப் போனார். மறுநாள் விடிகாலை குளியலறையில் விழுந்தவர் எழவேயில்லை.

மூளையில் ரத்தக்கசிவு என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். போகிற போக்கில், "கொஞ்ச நாளாவே தடுமாற்றம் இருந்திருக்குமே, கவனிக்கலையா?" என்றும் கேட்டுவிட்டார். அது அவளுக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டாரே, அதுவா? சாவி ஃப்ரிட்ஜுக்குள் கிடந்ததே, அதுவா? ஆனால் சாவியை அங்கே வைத்தது அவரா, தானா என்பதே இப்போது பிடிபடவில்லை. யோசிக்க யோசிக்க, அவருடைய நல்ல நாட்களும் சந்தேகத்துக்கு உரியவையாக மாறிக்கொண்டே வந்தன.

சில வாரங்கள் கழித்து, அவருடைய சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி மருத்துவக் கல்லூரி நூலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். பழைய மருத்துவ நூல்களைச் செப்பனிடுவதுதான் அங்கே அவர் வேலை. நாத்தனாரும் கூட வந்தாள். அண்ணன் கடைசி நாட்களில் தன்னை அக்கா பேர் சொல்லிக் கூப்பிட்டதாக பஸ்ஸில் வழிநெடுகச் சொல்லி, முள்ளை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

தலைமை நூலகர் நல்ல மனுஷி. தூரிகைகளையும் காகிதம் மடிக்கிற மழுங்கிய எலும்புக் கத்தியையும் ஒரு பையில் போட்டுத் தந்தார். பிறகு தயங்கித் தயங்கி, கண்காட்சிக்காக அவர் செய்த கடைசி வேலையை மேஜையில் விரித்தார். ஒரு பழைய புத்தகத்தில் இருந்த, மனித உடலைக் காட்டும் அச்சுப் படம். தோலைத் தூக்கினால் விலா எலும்பு, அதைத் தூக்கினால் உள்ளுறுப்புகள் என்று காகிதத்தின் மேல் காகிதமாக ஒட்டியிருந்தது. உதிர்ந்துபோயிருந்த இதயத்தையும் கல்லீரலையும் அவர் திரும்ப ஒட்டியிருந்தார்.

"சொல்றதுக்கே கஷ்டமா இருக்கும்மா. இதயத்த உடம்போட வலப்பக்கம் ஒட்டிட்டார். கல்லீரல் இடப்பக்கம். அவர் இப்படி ஒரு நாளும் செஞ்சதில்ல."

அப்படியானால் டாக்டர் கேட்டது சரிதான். வியாதி வீட்டுக்குள் நடமாடியிருக்கிறது, அவள் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நாத்தனார் அதற்குள் அதே புத்தகத்தின் மற்ற பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கைக்காரி, பள்ளிக்கூடத்தில் அதற்காக வாங்கிய அடிக்குக் கணக்கில்லை.

"அண்ணி, இந்தப் புக்ல எல்லாரும் நம்ம ஆளுங்களா?"

கால் அறுக்கிற வைத்தியன் ரம்பத்தை இடது கையில் பிடித்திருந்தான். பக்கத்தில் குறிப்பெடுப்பவனும் இடது கையால் எழுதினான். மருந்து இடிக்கிறவளும் அப்படியே. நூலகர் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். செதுக்கியவன் வேறொரு பழைய புத்தகத்தைப் பார்த்து அப்படியே செம்புத் தகட்டில் வெட்டியிருக்கிறான், அச்சில் எல்லாம் இடவலம் மாறிவிட்டது என்று முணுமுணுத்தார். இதயத்தை மெல்லத் தூக்கினார். அடியில் பழைய பசையின் பழுப்புக் கறை அதே இடத்தில் இருந்தது. இடது மார்பில் காகிதம் சுத்தமாக இருந்தது.

"அவர் தப்புப் பண்ணலம்மா. நாந்தான் அவசரப்பட்டுட்டேன்."

அவள் தலையசைத்தாள். கடைசி நாள் வரை அவர் கை சரியாக இருந்திருக்கிறது. அதில் ஆறுதல் கொள்வதா? அப்படியானால் ஒரு முன்னறிவிப்பும் இல்லாமலா போனார்? இத்தனை நாள் பொறுக்கிச் சேர்த்த பொத்தானையும் சாவியையும் இனி எங்கே கொண்டு வைப்பது?

"அப்ப என்னை அக்கா பேர் சொல்லிக் கூப்பிட்டது?" என்றாள் நாத்தனார்.

"கல்யாணமான நாள்லேர்ந்து பாக்கறேன். உங்க அண்ணன் உன்னை அப்படித்தானே கூப்பிடுவார்."

நாத்தனார் யோசித்தாள்.

கணவர் ஒட்டியதைத் தொட்டுப் பார்க்கலாமா என்று அவள் கேட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு தொடச் சொன்னார் நூலகர். காகித இதயம் மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டியிருந்தது. தூக்கினால் எழுந்தது, விட்டால் படுத்துக்கொண்டது.