வெள்ளைக் கோடு

சைரன் அலற, மந்திரியின் கார்கள் வானூர் சாலையில் பறந்தன. ரோஜா காலி வாளியோடு சாலையோரம் நின்றிருந்தாள். காலனித் தொட்டித் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கு வந்த மகன் சித்தார்த்தன், திண்டிவனம் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸோடு கிடக்கிறான். தொட்டியில் போட பிளீச்சிங் பவுடர் கேட்டு அவள் நடையாய் நடந்தபோதெல்லாம் ஊராட்சி ஆபீசில் கையை விரித்தார்கள். இன்றைக்கோ சாலையின் இருபுறமும் பவுடர் தூவிய வெள்ளைக் கோடு.

"புள்ளைங்க குடிக்கிற தண்ணிக்கு இல்ல, இவுங்க கார் டயருக்கு மட்டும் இருக்குதா?"

வாளியோடு குந்தி, பவுடரை மண்ணோடு சேர்த்து அள்ளத் தொடங்கினாள். அதைத் தூவிய தூய்மைப் பணியாளர் விருத்தாசலம் ஓடிவந்து வாளியைப் பிடித்தார்.

"வுடு மாமா. எத்தினி தபா கெஞ்சிக்கினு நின்னேன்?"

"தொட்டில கொட்டிடாத ரோஜா. மோந்து பாரு, வாசனையே வரல. ஆபீசுல எனக்குக் குடுத்ததே வெறும் சுண்ணாம்புதான்."