மெயின் பெட்டிக்கு வைத்த பொட்டு

தன் வேலையில் யாராவது குறை சொல்லிவிட்டால் வயர்மேன் பக்கிரிசாமிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து வள்ளியம்மா, "உன் கரண்டு என் மகளைக் கடிக்குது" என்று சொல்லி அனுப்பியதும், சண்டைக்குப் போகிறவன்போல சைக்கிளை மிதித்து வந்து சேர்ந்தான். அவள் கணவர் ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்தில், பதினேழு வருஷத்துக்கு முன்னால், அந்தப் பலகை வீட்டுக்கு வயர் இழுத்தவனே அவன்தான்.

மகள் சந்திரகலா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாதம்.

"மெயின் பெட்டியைத் தொட்டா சுருக்குங்குது மாமா," என்றாள்.

"ஈரக் கையோட தொட்டிருப்ப."

"காஞ்ச கைதான். தொடுறப்பல்லாம் அப்படித்தான் இருக்கு."

"நாளான்னைக்கு ஆயுத பூசை," என்றாள் வள்ளியம்மா. "எனக்குத் தோள்வலி, கை மேல போகல. இந்த வருசம் இவதான் பெட்டியைத் தொடச்சிப் பொட்டு வைக்கணும். அதான் ஒருக்கா பாத்துருன்னேன்."

பக்கிரிசாமி வாசல் ஃபியூஸைக் கழற்றி வீட்டுக்கு வரும் கரண்டை நிறுத்தினான். சுவரோரம் வயரை மூடியிருந்த மரப்பட்டைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தான். அடுப்படிப் பக்கம் கறையான் பட்டையை மாவாக்கியிருந்தது. ஆனால் உள்ளே வயரின் ரப்பர் முழுசாக இருந்தது. வயரில் கரண்டு கசிகிறதா என்று, கைப்பிடி சுற்றும் சோதனைக் கருவியை வைத்துப் பார்த்தான். அதன் முள்ளும் நல்ல சேதிதான் சொன்னது. வேலைன்னா இது வேலை என்று மனசுக்குள் தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டான்.

கடைசியில்தான் மெயின் பெட்டியைத் திறந்தான்.

இரும்பெல்லாம் துரு. வருஷாவருஷம் அப்பிய சந்தனமும் குங்குமமும் தட்டுத் தட்டாய்க் காய்ந்திருக்க, மஞ்சள் தண்ணீர் விளிம்பு வழியாக உள்ளே இறங்கி ஊறியிருந்தது. கரண்டு பெட்டியில் கசிந்தால் அதை மண்ணுக்குக் கொண்டுபோக, பெட்டியிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை ஒரு செம்புக் கம்பி உண்டு. அது பச்சைக் களிம்பு பூத்து, திருகாணியடியில் அற்றுத் தொங்கியது. கசிந்த கரண்டு போக வழியில்லாமல் பெட்டியிலேயே நின்றிருக்கிறது. சந்திரகலா ஈரத்துணியால் துடைத்திருந்தால் தாயும் பிள்ளையும் போயிருப்பார்கள்.

அந்தத் திருகாணி மேல் முதல் பொட்டை வைத்தது யார்? அவன்தான். முதன்முதலாக விளக்கெரிந்த அன்று தானே சந்தனம் குழைத்து வைத்து, "வருசாவருசம் மஞ்சத் தண்ணியில தொடச்சிப் பொட்டு வைங்கம்மா. கரண்டும் ஒரு சாமிதான், மரியாதை குடுத்தா ஒண்ணும் செய்யாது," என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"என்னப்பா கோளாறு?" என்றாள் வள்ளியம்மா.

கறையான் கண்ணெதிரே இருந்தது. அதன் தலையில் பழியைப் போட்டுவிட்டால் பேர் கெடாது.

"கறையான்மா," என்றான்.

"அவ்ளோதானா? அப்ப நான் பொட்டு வைக்கலாம்தானே மாமா?" சந்திரகலா வயிற்றில் கை வைத்தபடி சிரித்தாள்.

"வேணாம்!" அவன் போட்ட சத்தத்தில் அவனே பயந்துபோனான். "கறையான் இல்லம்மா. தண்ணி. நான் சொன்ன மஞ்சத் தண்ணிதான். அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

வள்ளியம்மா திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் பெட்டியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ சொன்னேன்னுதானே ஒரு வருசம்கூட விடாம செஞ்சேன்," என்றாள்.

திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவனுக்கு.

"மாமா, எங்க வீட்ல மட்டுமா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள் சந்திரகலா.

அவன் எண்ணிப் பார்த்தான். இந்தத் தெருவில் பதினோரு வீடு. வெளியே செந்தூல், கிள்ளான் ஊர்ப்பக்கமெல்லாம் எத்தனையோ. எல்லா வீட்டிலும் அதே பேச்சு. சொல்லச் சொல்லத் தன் வாய்க்கே ருசித்த பேச்சு.

பெட்டியை மாற்றும்வரை ஃபியூஸைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, சைக்கிளைக்கூட எடுக்காமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினான். அங்கே தங்கமணி பூசைக்கு முன்கூட்டியே மஞ்சள் கரைத்த வாளியும் ஈரத்துணியுமாக மெயின் பெட்டியடியில் நின்றிருந்தாள்.

"வாங்கண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க," என்றாள் மலர்ந்த முகத்தோடு. "நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே செய்றேனா, பாருங்க."