ஹில்க்கா கொடுத்த பட்டியல்

ஈட்டி எறிகிறவர்களின் முகத்தைப் பார்த்து ஹில்க்கா அவர்களை எடைபோடுவதில்லை. போட்டிக்கு முந்தின நாள் சோதனை மேஜையில் அவர்கள் கொண்டுவந்து வைக்கிற ஈட்டியைப் பார்ப்பாள். கிவிசால்மி பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் தராசும் அளவுகோலுமாக அவள் உட்கார ஆரம்பித்து இருபத்தாறு வருடமாயிற்று. ஜூலைப் போட்டிக்கு வருகிற ஒவ்வொரு ஈட்டியும் அவள் நிறுத்து, அளந்து, சீட்டு ஒட்டிய பிறகுதான் மைதானத்துக்குப் போகும். கைப்பிடிக் கயிறு எங்கே தேய்ந்திருக்கிறது, போன வருடம் விறைப்பான ஈட்டி கொண்டுவந்தவன் இப்போது ஏன் வளைந்து கொடுக்கிற ஈட்டிக்கு மாறினான், எந்தக் கையால் தூக்கி வைக்கிறான் என்று பார்ப்பாள். யார் முதல், யார் எட்டாவது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் தப்பாது.

அந்தக் கணிப்பைத்தான் கௌக்கோ பதினொரு வருடமாகத் தன் பெயரில் பத்திரிகையில் போட்டுக்கொண்டிருந்தான்.

கௌக்கோ அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், ஊர்ப் பத்திரிகையின் விளையாட்டு நிருபர். சோதனை முடிகிற நேரம் பார்த்து ஒரு காபியும் ஏலக்காய் பன்னும் வாங்கிக்கொண்டு வருவான். "சும்மா பேசிட்டுப் போலாம்னு வந்தேன்" என்பான். மறுநாள் காலையில் அவள் சொன்னது சொன்னபடியே அச்சாகியிருக்கும், மேலே அவன் படத்தோடு. அதன் புண்ணியத்தில் மூன்று வருடமாக வானொலி வர்ணனையாளருக்குப் பக்கத்து நாற்காலியும் அவனுக்குக் கிடைத்திருந்தது. நிபுணராம்! அந்த நாற்காலி ஹில்க்காவுக்கு வேண்டும். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமில்லை. பத்திரிகையும் வானொலியும் ஒரே நிர்வாகம்தான் என்பதால், வசந்தத்தில் பத்திரிகையாசிரியை மார்கெட்டாவுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். பதினொரு பட்டியலும் என்னுடையவை, ஆள் வைத்து விசாரித்துக்கொள்ளுங்கள் என்று. பதிலே வரவில்லை.

இந்த வருடம் கௌக்கோ காபிகூட வாங்கி வரவில்லை.

"சீக்கிரம் சொல்லு ஹில்க்கா, எனக்கு ஆறு மணிக்கு சவுனாக் குளியலறை சூடாயிரும்" என்று மேஜை மேலேயே ஏறி உட்கார்ந்தான். "முதல் எட்டு பேரு. ஆளுக்கு ரெண்டு வரி."

"ஏன், உனக்கே தெரியாதா? ரேடியோல அந்த அளப்பு அளக்கறியே?"

"எனக்குத் தெரியும். நீ சொல்றது அதோட ஒத்துப்போகுதான்னு பாக்கறேன், அவ்வளவுதான்."

வந்ததே அவளுக்குக் கோபம்! உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறானாம்! கண் முன்னால் முப்பத்து மூன்று வயது துவோமாஸின் ஈட்டி இருந்தது. வந்ததிலேயே விறைப்பானது அதுதான், கயிறு இரண்டே விரலுக்கு அடியில் மட்டும் சீராகத் தேய்ந்திருந்தது, பிடி கொஞ்சமும் மாறாத கை. நாளைக்கு அவனை அடிக்க ஆள் கிடையாது. பக்கத்தில் பத்திரிகைகள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற இருபத்திரண்டு வயது ரோப்பேயின் ஈட்டி. புதிது, வளைந்து கொடுக்கிறது. வலதுகைக்காரன் அதை இடது கையால் தூக்கி வைத்துவிட்டுப் போயிருந்தான். அவனுக்கு முழங்கை வலி.

"ரோப்பேதான்" என்றாள் ஹில்க்கா. "தொண்ணூறு மீட்டர் தாண்டினாலும் ஆச்சரியப்படாத."

"துவோமாஸ்?"

"எட்டாவது. முழங்கை போச்சு. இந்தக் கோடையோட அவன் கதை முடிஞ்சுது."

கௌக்கோ எழுதிக்கொண்டான். மற்ற ஆறு பேரையும் அவள் தலைகீழாகவே சொன்னாள். நாளைக்கு ஊர் முன்னால் நாறட்டும் என்று நினைத்தபோது வயிறு குளிர்ந்தது. அன்று நன்றாகத் தூங்கினாள்.

காலையில் வாசல் பெட்டியிலிருந்து பத்திரிகையை எடுத்துப் பிரித்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரைப் பக்கத்துக்கு அவள் படம். 'ஹில்க்கா பிர்ட்டிமாவின் கணிப்பு' என்று கொட்டை எழுத்து. கீழே மார்கெட்டாவின் குறிப்பு: இத்தனை வருடப் பட்டியல்களும் இவருடையவையே, தவறுக்கு வருந்துகிறோம், இன்று மாலை வானொலியில் நிபுணராக அமர்பவரும் இவரே. அதற்கும் கீழே, எட்டாவது இடத்தில், துவோமாஸ். 'முழங்கை போய்விட்டது. இந்தக் கோடையோடு அவர் கதை முடிந்தது.'

தொலைபேசி அடித்தது. மார்கெட்டா.

"பாத்தீங்களா? ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் பதில் போடல. கௌக்கோகிட்ட போன வாரமே சொல்லிட்டேன், நாற்காலி போச்சு, உங்க பட்டியல வாங்கிட்டு வந்து குடுத்தா போதும்னு. இன்னைக்கு உங்க பட்டியல் பலிச்சா அடுத்த மூணு வருஷம் அது உங்களுதுதான்."

ஆச்சரியமாம், பெரிய ஆச்சரியம்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குடியா முழுகிவிடும்? எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காமல் மேஜை மேல் ஏறி உட்கார்ந்தானே அந்தப் படுபாவி! மார்கெட்டா மேல், கௌக்கோ மேல் என்று மாற்றி மாற்றித் திட்டிப் பார்த்தாள். சுற்றிச் சுற்றி அவள் சொன்ன பொய்யில்தான் வந்து நின்றது. பொய் சொன்னது அவள் வாய்தானே?

மைதானத்தில் நாலு மணிக்கு ஈட்டிகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தபோது துவோமாஸ் வந்தான். கையில் பத்திரிகை. பத்து வயதில் மர ஈட்டி எறிந்த நாளிலிருந்தே அவளுக்கு அவனைத் தெரியும்.

"அத்தை, எனக்கே தெரியாதது ஏதாவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கா? காலைலேர்ந்து முழங்கையத் தடவித் தடவிப் பாத்துட்டே இருக்கேன்."

"உன் கைக்கு ஒண்ணுமில்ல. அது பொய். அந்தக் கௌக்கோவ மாட்டி விடறதுக்காகச் சொன்னேன். அவன் பேருலதான் வரும்னு நினைச்சேன்."

துவோமாஸின் முகம் சிவந்தது. "அவன மாட்டி விட என் கைதான் கெடச்சுதா உங்களுக்கு? ஐரோப்பியப் போட்டிக்குக் கடைசி எடம் யாருக்குன்னு இன்னைக்கு ராத்திரி தேர்வுக்குழு முடிவு பண்ணுது. நான் ஜெயிச்சாலும், கை போனவன் அடுத்த மாசம் வரைக்கும் தாங்குவானான்னுதான் கேப்பாங்க. சொன்னது யாரு? இருபத்தாறு வருஷமா ஈட்டி பாக்கற ஹில்க்கா!"

"நான் குழுகிட்ட போய்ச் சொல்றேன்."

"ஊரெல்லாம் படிச்சாச்சு. நீங்க காதுல போய் ஓதினா எவன் நம்புவான்? மைக்ல சொல்லுங்க."

"சொன்னா அந்த நாற்காலி போயிடும் துவோமாஸ்."

"சொல்லாட்டி எனக்கு எல்லாமே போயிடும்" என்று சொல்லிவிட்டு, பத்திரிகையை அவள் காலடியில் போட்டுவிட்டு நடந்தான்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஹில்க்கா வானொலி வர்ணனை மேடையில் ஏறி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மெத்தை வைத்த நல்ல நாற்காலி. மைதானம் முழுக்கத் தெரிந்தது, அதற்கு அப்பால் ஏரியும் தெரிந்தது. வர்ணனையாளர் பெட்டெரி அவளைப் பற்றி வாய் நிறையப் புகழ்ந்து முடித்து, "பட்டியல்ல முதல்ல ரோப்பே. ஏன் ரோப்பே? சொல்லுங்க" என்றார்.

"அந்தப் பட்டியல் பொய்" என்றாள் ஹில்க்கா. "எனக்குக் கௌக்கோ மேல கோபம். அவன் அசிங்கப்படணும்னு வேணும்னே தலைகீழாச் சொன்னேன். துவோமாஸ் கைக்கு எந்தக் குறையும் இல்ல. இன்னைக்கு அவன்தான் முதல். தேர்வுக்குழுக்காரங்க கேட்டுட்டிருந்தா நல்லாக் கேட்டுக்கங்க. கையப் பத்தி நான் சொன்னது பச்சப் பொய்."

பெட்டெரி மைக்கை அணைத்தார். அப்புறம் அவசரமாக ஒரு பாட்டைப் போட்டார்.

மார்கெட்டா ஏணியில் மூச்சு வாங்க ஏறி வந்தாள். "என்ன காரியம் பண்ணினீங்க? பொய் சொல்றவங்கள நான் எப்படி மைக் முன்னால உக்கார வைக்கிறது?"

"மூணு வருஷம் ஒரு திருடன உக்கார வச்சீங்களே, அது எப்படி முடிஞ்சுது?"

மார்கெட்டா திரும்பி, கீழே நின்றிருந்த கௌக்கோவைக் கைகாட்டி அழைத்தாள். ஹில்க்கா காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். இவர்கள் முன்னால் அழுவேனா என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் ஈட்டி வரிசைக்குத் திரும்புவதற்குள் துவோமாஸ் முதல் எறியை எறிந்துவிட்டான். எண்பத்தைந்து மீட்டர் முப்பத்திரண்டு. கூட்டம் எழுந்து கத்தியது. அவன் ஈட்டியைத் திரும்ப வாங்க வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினான். அவள் ஈட்டியை எடுத்துக் கொடுத்தாள். ரோப்பே எழுபத்தெட்டு எறிந்துவிட்டு, இரண்டாம் சுற்றில் எறியாமல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மேடை வேலிக்கு அருகில்தான் இருந்தது. கௌக்கோ மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தான்.

"ஹில்க்கா! ஏய் ஹில்க்கா! ரோப்பே ஏன் எறியல? சீக்கிரம் சொல்லு, நேரலை ஓடிட்டிருக்கு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு நடந்த பிறகும் கேட்கிறான்! காலையில் மாதிரி எதையாவது திட்டுவோம் என்று வாய் வரைக்கும் வந்தது. பொய்யாக எதையாவது சொல்லிவிடலாமா என்றும் ஒரு நொடி தோன்றியது. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

"ரெண்டு கண்ணு இருக்குல்ல உனக்கு? பாரு. பாத்துச் சொல்லு."

அவன் முழித்தான். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு மைக்கில் ஆரம்பித்தான். ஒலிபெருக்கி மைதானம் முழுக்க முழங்கிற்று: "ரோப்பே கெட்டிக்காரர். பலத்தைச் சேர்த்து வைக்கிறார். கடைசி எறியில் எல்லாரையும் ஒரு வழி பண்ணப்போகிறார், பாருங்கள்!"

ரோப்பே அதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வலது கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். பதினொரு வருடத்தில் கௌக்கோ சொந்தமாகச் சொன்ன முதல் கணிப்பு அது.