பால் பெட்டியும் ஒரு கிலோ மாவும்

கரையோரமாக வடக்கே போய்வரும் எங்கள் கப்பலில் சமையலறை என் ராஜ்ஜியம். கேப்டன் ஆஸ்மண்ட்கூடக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். அங்கேதான் டென்மார்க்கிலிருந்து யெப்பே என்ற ரொட்டிக்காரன் ஒரு மின்தராசைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். உப்பைக்கூட நிறுத்துத்தான் போடுவான். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன பயணத்தில், ஸ்டாட் முனையில் அலை தூக்கிப் போட்டபோது அவன் சுட்ட ஏலக்காய் பன்களை யாராலும் கடிக்க முடியவில்லை. இந்த முறையும் அப்படியே ஆனால் ட்ரான்ஹைம் துறைமுகத்தில் இறங்கிவிட வேண்டும் என்று கேப்டன் சொல்லிவிட்டார். அதற்கும் வடக்கே போடோவில் அவன் மனைவியும் பல் முளைக்காத மகளும் இருக்கிறார்கள். இந்த வேலை நிலைத்தால் போகும்போதும் வரும்போதும் அவர்களைப் பார்க்கலாம். யெப்பேயோ நம்பிக்கையே இல்லாமல், காலையிலேயே பையைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டான்.

ஸ்டாட் வந்தது. தராசில் எண்கள் குதித்தன. கப்பல் ஏறினால் மாவு கனத்தது, இறங்கினால் இளைத்தது.

"அக்கா, இது ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது."

"கடல் நின்னாத்தானே அது நிக்கும்? தூக்கி ஓரமா வைடா. இந்த நூறு மில்லி குவளைல ஒரு குவளை மாவு அறுபது கிராம். ஒரு கிலோவுக்குப் பதினேழு குவளை. கணக்கு முடிஞ்சுது."

நானே அளந்து போட்டேன். பிசைந்தால் மாவு கட்டையாக நின்றது. மறுபடி அளந்தேன், மறுபடி கட்டை. யெப்பே மூட்டைக்குள் விரலை விட்டு எடுத்தான். குழி அப்படியே இருந்தது.

"இந்த மூட்டை எஞ்சின் சுவத்துல சாய்ஞ்சே கிடக்கு அக்கா. அதிர்ந்து அதிர்ந்து மாவு இறுகிப்போச்சு. உங்க குவளைல அறுபது இல்ல, எழுபத்தஞ்சாவது இருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னது சரி என்பதால் இரண்டு மடங்கு வந்தது. என் குவளையும் பொய், அவன் தராசும் பொய். கேப்டனின் காபி நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது குளிர்பெட்டிக்குள் ஒரு லிட்டர் பால் பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"யெப்பே, ஒரு லிட்டர் பால் எவ்வளவு கனம்டா?"

"ஒரு கிலோவும் முப்பது கிராமும்."

"அந்த முப்பதைக் கடலுக்கு விட்டுடு. துடைப்பக் கம்பை எடு!"

கம்பின் நடுவில் கயிறு கட்டிக் கூரைக் கம்பியில் தொங்கவிட்டோம். இரு முனைகளிலும் ஒரே அளவு வாளிகள். ஒன்றில் பிரிக்காத பால் பெட்டி, மற்றதில் மாவு. கப்பல் தூக்கியபோது இரண்டும் ஒன்றாகக் கனத்தன, இறக்கியபோது ஒன்றாக இளைத்தன. கம்பு மட்டமாக நின்றது. கடலுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்ற பாரபட்சம் கிடையாது.

"அக்கா, நிக்குது!" என்று யெப்பே கத்தினான்.

"நான் மாட்டினா நிக்காதா? போடு ஈஸ்டை!"

அடுப்பிலிருந்து வெளியே வந்தபோது பன்கள் உப்பி, தொட்டால் அமுங்கி எழுந்தன. கேப்டன் கதவைத் தட்டிவிட்டு வந்தார். ஒன்றைப் பிய்த்துத் தின்றார். இரண்டாவதை எடுத்தார். யெப்பேயின் முகத்தைப் பார்க்க எனக்கே தைரியம் இல்லை.

மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிய கேப்டன், கதவோரப் பையில் கால் இடறி நின்றார்.

"யாரோட பை இது, நடு வழியில? உள்ள கொண்டுபோய்ப் பிரிச்சு வை."

யெப்பே பையை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றான்.

"ஏன்டா நிக்கிற? போடோவுக்குப் பன் கட்டணும். கையைக் கழுவிட்டு வா!" என்று கத்தினேன்.