கடைசி எண் 4276

'சொல்லும் எண்ணும்' போட்டிக்கு எழுத்தையும் எண்ணையும் அவரவர் வீட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும். விடைக்குப் பயன்படுத்தியது வீடு திரும்பாது. சமன் ஆனால் இருவரும் மறுவாரம் வர வேண்டும். டி.வி.க்காரர்கள் விதி அப்படி.

பாளையங்கோட்டை ஜெயசீலி முப்பத்தோரு வாரம் தொடர்ந்து ஜெயித்தாள் என்றால் சும்மாவா? வாசல் பலகை எழுத்தெல்லாம் முதல் மாதமே காலி. கதவு எண் போனபின் தபால்காரர் தெருமுனையில் நின்று பேர் சொல்லிக் கூவினார். சுவர்க்கடிகாரத்தில் முள் மட்டும் சுற்றியது.

இன்னும் ஒன்று ஜெயித்தால் சாதனை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் மிஞ்சியது ஒரே எண்: 4276.

அது அவள் புருஷன் அருள்ராஜின் வாட்ச் ரிப்பேர் கடை நம்பர். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்தில் அந்த மனுஷன் தினமும் நாலு மணிக்குக் கூப்பிட்டு, "மேடம், மணி என்ன?" என்பார். கடை நிறையக் கடிகாரம், கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! பக்கத்து சீட்டுக்காரிகள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். அவள் ஒருநாளும் சலிக்காமல் சொன்னாள். எட்டே மாதத்தில் கல்யாணம். என்ன நாட்கள் அவை! அவர் இறந்து ஆறு வருஷமாகிறது. இப்போது வியாழக்கிழமை மட்டும்தான் கூப்பிடுகிறார்.

"ஏளா, மணி என்ன?"

"நாலு. நாளைக்கு உங்க நம்பரைப் போட்டியில வைக்கட்டுமா? அப்புறம் நீங்க கூப்பிட முடியாதுல்லா."

அந்தப் பக்கம் அவர் ஒரு கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் சத்தம் கேட்டது.

"இவ்வளவு தூரம் வந்துட்டே. வச்சிரு," என்றார்.

மறுநாள் கையிலுள்ள எண்களை வைத்து எட்ட வேண்டிய இலக்கு 170. ஏழாறு நாற்பத்திரண்டு, அதை நாலால் பெருக்கி, ரெண்டைக் கூட்டினாள். முடிந்தது. முப்பத்திரண்டு என்று பொறித்த கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அழுதாள். அந்தக் குரல் போன வீட்டில் இதை எங்கே வைப்பது?

அடுத்த வியாழன் நாலு மணிக்கு வீட்டில் போன் அடிக்கவில்லை. போட்டி நடக்கும் டி.வி. அரங்கத்தில் அடித்தது. நம்பர் இப்போது அவர்களுடையதல்லவா? தொகுப்பாளர் எடுத்து, "மணி நாலு சார்," என்றார்.

"சரி தம்பி. போட்டிக்கு ஆள் எடுக்கீங்களா?"

வெள்ளிக்கிழமை எதிர் நாற்காலியில் அருள்ராஜ் கட்டம்போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பை நிறைய வாட்ச் முகப்பு எண்கள். ஜெயசீலியிடம் இருந்தது கோப்பையிலிருந்து பெயர்த்த முப்பத்திரண்டுதான்.

இலக்கைப் பார்த்ததும் அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. பேனாவை மூடி வைத்தாள். அவரும் மூடினார். பூஜ்யத்துக்குப் பூஜ்யம், சமன்.

"ஏளா, மணி என்ன?"

சொன்னாள்.

இந்த வாரத்தோடு பத்தொன்பதாவது சமன். தபால்காரர் இப்போதெல்லாம் இருவர் கடிதங்களையும் அரங்கத்திலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்.