ரமலானுக்குப் பிறகு சொன்னவை

பஸ்ராவுக்கு நபிமொழி தேடி வருகிறவர்களுக்குக் கால் வலிப்பதே இல்லை. கதவைத் திறக்கிற எனக்குத்தான் வலிக்கிறது. வாப்பாவுக்குக் காய்ச்சல், வாப்பா தூங்குகிறார், வாப்பா பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார் என்று வாய் கூசாமல் பொய் சொல்லி அனுப்புகிறேன். வாப்பாவோ உள்ளே கட்டிலில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருப்பார்.

போன ரமலானில் தொடங்கியது இது. என் வாப்பா ஷபீப் ஆயுள் முழுக்க நபிமொழிகளை மனப்பாடமாக வைத்திருந்து சொல்லிக் கொடுத்தவர். இன்னாரிடம் நான் கேட்டேன், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று நபித்தோழர் வரைக்கும் பெயர்களை அடுக்குவார். ஒரு பெயர் பிசகாது. சொன்னவர் நம்பிக்கையானவர்தானா என்று விசாரிக்காமல் எதையும் எடுக்கவும் மாட்டார், பிசகியவர்களை விடவும் மாட்டார். கூடப் படித்த நண்பருக்கே வயதாகிப் பேச்சு குழம்பியபோது, இவரிடம் இனி நபிமொழி எதையும் எடுக்காதீர்கள் என்று பள்ளிவாசலில் எழுந்து நின்று சொன்னவர். அப்படிப்பட்ட வாப்பாதான் ரமலானில் ஒருநாள் நோன்பு திறக்கும்போது, மீன்காரன் சொன்ன பேச்சை அதே பெயர் வரிசையோடு நபி சொன்னதாகச் சொன்னார். அன்றிலிருந்து கதவுக்குத் தாழ். குழப்பத்தில் சொல்வதை எவனாவது எழுதிக்கொண்டு போனால், நல்ல நாளில் சொன்னதும் சேர்ந்து குப்பைக்குப் போகும். அவர் சம்பாதித்தது அது ஒன்றைத்தான்.

அவருக்கு இதெல்லாம் தெரியாது. "ஒருத்தனையும் காணோமே லுபாபா? நான் மவுத்தாயிட்டேன்னு நெனச்சுட்டானுங்களா?" என்பார். நான் பேரீச்சம்பழத் தட்டை அவர் பக்கம் நகர்த்துவேன்.

அப்போதுதான் மர்வ் நகரத்திலிருந்து புகைர் என்றொருவன் வந்தான். செருப்பில் பாதி தேய்ந்தே போயிருந்தது. காய்ச்சல் என்றேன். "பரவாயில்லக்கா, இருக்கேன்" என்று சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். மறுநாளும் அங்கேயே இருந்தான். "காய்ச்சக்காரர் குரல் தெரு வரைக்கும் கணீர்னு கேக்குதே" என்று கேலி வேறு. நான் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து வாப்பாவே தாழை நீக்கிவிட்டார்.

திரும்பி வந்தபோது இருவரும் முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். வாப்பா நல்ல தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். நான் வந்த பிறகு சொன்ன முதல் நபிமொழி சரி. இரண்டாவதும் சரி. எனக்கு மூச்சு வந்தது. மூன்றாவதற்கும் பெயர்கள் ஒழுங்காக வந்தன. பிறகு, "வாசல்ல வந்து நிக்கிறவன்கிட்ட ஊர் பேர் கேக்குறதுக்கு முன்னால தண்ணி குடுங்கன்னு நபி சொன்னாங்க" என்று முடித்தார்.

அது என் உம்மா சொல்வது. இந்த மாணவர் கூட்டத்துக்குத் தண்ணீர் சுமந்தே தேய்ந்துபோனவள். நல்ல பேச்சுதானே, யாருக்கு என்ன கெடுதல், விட்டுவிட்டால் என்ன என்று நினைத்தேன். அவ்வளவு அலுப்பு எனக்கு. புகைரின் எழுதுகோல் தோல் ஏட்டில் நகர்ந்துகொண்டிருந்தது.

"எழுதாதீங்க தம்பி. அது எங்க உம்மா பேச்சு."

"நான் பொய் சொல்றேங்கிறியா?" என்று வாப்பா சீறினார்.

"பொய் இல்ல வாப்பா. ரமலான்ல இருந்து உங்களுக்குக் குழம்பிப் போச்சு. அதான் நான் யாரையும் உள்ள விடல."

அவர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்தார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

"எழுதினத எல்லாத்தையும் கழுவுடா" என்றார் புகைரிடம்.

"மொத ரெண்டும் சரிதானே பெரியவரே? இதுக்காக மர்வுல இருந்து நடந்து வந்திருக்கேன்."

"எது சரின்னு சொல்ல இப்ப நான் ஆள் இல்ல. கழுவு."

அவன் அழுதுகொண்டே தோல் ஏட்டில் தண்ணீர் ஊற்றித் துடைத்தான்.

"இப்ப எழுது. ஷபீபோட மவ லுபாபா சொன்னா, ரமலானுக்கு அப்புறம் அவர் சொன்ன எதையும் எடுக்காதீங்கன்னு." புகைர் குனிந்ததும் தடுத்தார். "அவ நம்பிக்கையானவளான்னு மொதல்ல கேளுடா. மர்வுல இதக்கூடச் சொல்லித் தரலியா?"

"நம்பிக்கையானவங்களா, பெரியவரே?"

"நம்பிக்கையானவ." வாப்பா என்னைப் பார்க்கவில்லை. "பொய்யே சொல்ல மாட்டா."

நான் சொன்னதைப் புகைர் எழுதிக்கொண்டான். வாப்பா என்னைப் பற்றிச் சொன்னதை எழுதவில்லை. என் வாழ்நாளில் அவர் வாயால் எனக்குக் கிடைத்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அதையும் எடுக்க முடியாது. ரமலானுக்குப் பிறகு சொன்னது.